ஆலய மணியும் ஒன்பதரை மணியும்

தொலைக்காட்சிப் பெட்டி நன்மை செய்கிறதா, தீமை செய்கிறதா என்னும் வழக்கை இத்திங்கள் நாம் விசாரிக்கப் போவதில்லை. அவ்வழக்கு நம் இல்லங்களில் நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. வாதியும் பிரதிவாதியும் ஒரே விசுப்பலகையில் அமர்ந்து, இரவு பத்து மணி வரை பெட்டியைப் பார்த்துவிட்டு, வழக்கை மறுநாளைக்கு ஒத்திவைத்து உறங்கச் செல்கின்றனர். தீர்ப்பு விரைவில் வருமென்று தோன்றவில்லை. நாம் எடுத்துக்கொண்டது வேறொரு வினா. நாம் திரையைப் பார்க்கிறோம். திரை நம்மைப் பார்க்கிறதா? சொந்த ஊரை விட்டு வந்து வாழும் குடும்பங்களுக்கு இது சிறு வினா அன்று. கிறிஸ்தவ இல்லமொன்றின் கண்ணோடு இதனை நோக்குகிறோமாயினும், பிற சமயத்து அன்பர்களும் தத்தம் வீட்டுக்கு இதனைப் பொருத்திக்கொள்ளலாம். பெட்டி எல்லாச் சமயத்தார் வீட்டிலும் ஒரே உயரத்தில்தான் வைக்கப்பட்டிருக்கிறது!

ரேணிகுண்டாவுக்கும் காளத்திக்கும் இடையே இருப்புப்பாதையை அடுத்து இருப்பது ஏர்பேடு. வெளியூரிலிருந்து வந்தவரை ஏற்றுக்கொள்வது இவ்வூருக்குப் புதிதன்று. 1926-ஆம் ஆண்டு இங்கே வியாசாசிரமத்தை நிறுவிய பெரியவர் மலையாள நாட்டிலிருந்து வந்தவர். இவ்வூரிலேயே வாழ்ந்து புகழெய்தியபோதும் அவருக்கு நிலைத்த பெயர் ‘மலையாள சுவாமி’ என்பதே. துறவியாருக்கே அப்படியென்றால், ரயில்வே உத்தியோகத்துக்கு வந்த நம்மை அண்டை வீட்டார் ‘அரவவாள்ளு’ என்று குறிப்பிடுவதில் வியப்பென்ன? 2015-இல் தொடங்கப்பெற்ற ஐ.ஐ.டி.யும் ஐசரும் இப்பக்கத்தில் வளாகம் அமைத்த பிறகு, படித்த தமிழ்க் குடும்பங்கள் பலவும் வந்து சேர்ந்தன. இவர்களெல்லாம் பெட்டி படுக்கையுடன் வந்தவர்கள். சத்தியவேட்டுத் தமிழர் கதையோ வேறு. 1960 ஏப்ரல் முதல் நாள் எல்லை மாற்றத்தில் திருத்தணி சென்னை இராஜ்யத்துக்குச் சென்றது. சத்தியவேடு ஆந்திரத்துக்கு வந்தது. அன்று காலை காப்பி அருந்திக்கொண்டிருந்தவர்கள், காலை அசைக்காமலே வெளி மாநிலத்தார் ஆயினர். 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிரிந்து திருப்பதி மாவட்டம் தோன்றியபோது, ஏர்பேட்டாரும் அவ்வாறே இருந்த இடத்தில் இருந்துகொண்டு மாவட்டம் மாறினர்.

இந்தப் பிரதேசத்துத் திருச்சபைகளும் இருமொழிச் சபைகளே. 1853-இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷன், தமிழிலும் தெலுங்கிலும் போதித்தது. ஜெர்மானிய ஹெர்மன்ஸ்பர்க் மிஷனாரின் லுத்தரன் சபை திருப்பதிப் பக்கம் வேரூன்றியது. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஒருவர் ‘ஸ்தோத்திரம்’ என்பார்; மற்றவர் ‘வந்தனாலு’ என்பார். இருவரும் கூறுவது ஒன்றே. இத்தகைய இல்லங்களுக்குள் திரை எவ்வாறு நுழைந்தது என்பது சுவையான வரலாறு.

நம் பாட்டனார் காலத்தில், கிறிஸ்தவர் சினிமாக் கொட்டகைக்குச் செல்வது போதகரின் கண்டனத்துக்கு உரிய செயல். ஆயினும் சட்டம் இருக்குமிடத்தில் விலக்கும் உண்டன்றோ? 1948-இல் ‘ஞானசௌந்தரி’ வெளிவந்தது. சிற்றன்னையின் சூழ்ச்சியால் கைகளை இழந்த பெண்ணொருத்தி தேவமாதாவின் அருளால் அவற்றைத் திரும்பப் பெறும் கதை. ஜோசப் தளியத்தின் சிட்டாடல் நிறுவனம் எம். வி. ராஜம்மாவையும் டி. ஆர். மகாலிங்கத்தையும் கொண்டு இதனைப் படமாக்கியது. அதே ஆண்டில் ஜெமினி வாசன் அவர்களும் அதே கதையைப் படமாக்கினார். தம் படத்தைவிட மற்றதே மக்கள் மனத்தைக் கவர்ந்தது என்று கண்டதும், வாசன் தம் படத்தைக் கொட்டகைகளிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார். இக்காலத்துத் தயாரிப்பாளர் எவரேனும் இவ்வளவு பணிவு காட்டுவாரா என்பது ஐயமே. இரண்டையும் ஒப்பிட்டுப் பாராமல் நியாயம் வழங்கலாகாது என்று கூறி, கொட்டகைக்கு இருமுறை சென்ற பக்தர்களும் அந்நாளில் இருந்திருக்கக்கூடும்.

1955-இல் வந்த ‘மிஸ்ஸியம்மா’ நம்மைப் போன்ற வெளியூர்வாசிகளுக்கென்றே எடுத்த படம் போலும். தெலுங்கில் ‘மிஸ்ஸம்மா’, தமிழில் ‘மிஸ்ஸியம்மா’. தம்பதிகளாய் உள்ள ஆசிரியர்களுக்கே வேலை என்ற விளம்பரத்தைக் கண்டு, மணமாகாத இந்து இளைஞனும் கிறிஸ்தவப் பெண் மேரியும் கணவன் மனைவி என்று பொய் கூறி வேலையில் சேர்கின்றனர். குடும்பஸ்தருக்கே வீடு என்னும் அறிவிப்புப் பலகைகளைக் கண்டு தவித்த எந்த இளைஞனும் இக்கதையை நம்பாமல் இருக்க மாட்டான். மேரியாக நடித்த சாவித்திரியின் சினத்தைக் கண்டு சிரிக்காதவர் இல்லை. ஆயினும் இறுதியில் அந்த மேரி, ஜமீன்தாரின் காணாமற்போன மகள் மகாலட்சுமியே என்று தெரியவருகிறது, சிக்கல் தீர்கிறது. எல். வி. பிரசாத் அவர்கள் படத்தை முடிக்க வேண்டியிருந்தது. நாம் குறை கூறவில்லை. ஆனால் காணாமற்போன மகளைப் பெற்றோர் பல ஆண்டுகள் மறவாமல் இருந்தனர் என்பதை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். காணாமற்போவதும் தேடப்படுவதுமே இக்கட்டுரையின் பொருள்.

அதன் பின்னர் திரையில் கிறிஸ்தவருக்குப் பஞ்சமில்லை. ஆயினும் திரைப்படக் கிறிஸ்தவர் தனி இனத்தவர். ஆணாயின் வெள்ளை அங்கி தரித்த பாதிரியார்; எவரைக் கண்டாலும் ‘மகனே’ என்று அழைப்பார். பெண்ணாயின் தாதி; பெயர் பெரும்பாலும் மேரி அல்லது ஸ்டெல்லா. வில்லனின் அடியாளாயின் கழுத்தில் சிலுவை, கையில் மதுக்கிண்ணம். எந்தச் சபையைச் சேர்ந்தவராயினும் பாவசங்கீர்த்தனக் கூண்டு ஒன்று ஆலயத்தில் கட்டாயம் இருக்கும். லுத்தரன் சபையில் எண்பது ஆண்டு வாழ்ந்த மூதாட்டிக்கு அப்படியொரு கூண்டு உண்டென்பதைச் சினிமாதான் கற்பித்திருக்கும்! தச்சரும், கணக்கரும், கடை வைத்திருப்பவரும், மாத இறுதியில் கடன் வாங்குபவருமான சாதாரணக் கிறிஸ்தவரை மட்டும் திரையில் காண்பது அரிது.

இவ்வகையில் இயக்குநர் பீம்சிங் அவர்கள் சற்று வேறுபட்டவர். ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’ எனப் பகர வரிசைப் படங்களாலேயே பெயர் பெற்ற அவர், 1961-இல் ‘பாவமன்னிப்பு’ என்னும் படத்தை எடுத்தார். தலைப்பே தேவாலயத்திலிருந்து எடுத்த சொல். அப்படத்தில் இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் ஒருவர் பிள்ளையை மற்றவர் வளர்த்து ஆளாக்கினர். அவரே தம் வாழ்நாளின் இறுதியில் பகரத்தை விட்டுக் ககரத்துக்கு வந்து, தெலுங்கில் ‘கருணாமயுடு’ என்னும் இயேசுவின் வரலாற்றைப் படமாக்கினார். 1978 ஜனவரியில் அவர் காலமானார். படம் அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்தது. தமிழில் ‘கருணாமூர்த்தி’ என்றும் இந்தியில் ‘தயாசாகர்’ என்றும் மொழிமாற்றம் பெற்று, கொட்டகை இல்லாத சிற்றூர்களிலும் வெண்திரை கட்டி, ஆண்டுக்கணக்கில் காட்டப்பெற்றது. இப்பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு ஆண்டவர் முதன்முதல் தெலுங்கில்தான் பேசினார். எபிரெயரும் கிரேக்கரும் நம்மைக் கண்டு பொறாமைப்படலாம்.

இயேசுவாக நடித்தவர் விஜயசந்தர். ஆந்திர கேசரி தங்குதூரி பிரகாசம் பந்துலு அவர்களின் பேரர். பின்னர் 1983-இல் தம் பாட்டனாராகவே ‘ஆந்திர கேசரி’யில் நடித்தார், 1986-இல் சீரடி சாயிபாபாவாகவும் நடித்தார். ஒரே முகம் ஒரு வீட்டில் கிறிஸ்துமஸ் இரவிலும், அடுத்த வீட்டில் வியாழக்கிழமை பூஜையிலும் நினைக்கப்பட்டது. சமய ஒற்றுமைக்கு இதைவிட எளிய வழி எவரும் கண்டதில்லை! இதில் திருப்பதிக்காரர்களுக்கு அனுபவம் மிகுதி. 1960-இல் ‘ஸ்ரீ வெங்கடேசுவர மகாத்மியம்’ படத்தில் என். டி. ராமராவ் அவர்கள் ஏழுமலையானாகத் தோன்றிய பிறகு, மலையில் பெருமாளைத் தரிசித்த யாத்திரிகர்கள், சென்னைக்கும் வந்து ராமராவ் வீட்டு வாசலில் நின்று அவரையும் தரிசித்தே ஊர் திரும்பினர் என்பர். 1983-இல் அவர் திருப்பதித் தொகுதியில் தேர்தலுக்கு நின்று வென்றார். ஏழுமலையானுக்கு எதிராகத் திருப்பதியில் ஓட்டுக் கேட்க எவருக்குத் துணிவு வரும்?

இவர்களைப் பார்த்து நகைப்பது எளிது. ஆயினும் அந்த யாத்திரிகர்கள் தேடியது எதனை? கடவுளின் முகத்தைக் காண வேண்டும் என்பது மட்டுமன்று. அம்முகம் தம்மையும் ஒருமுறை காண வேண்டும் என்பதே. திரையில் தோன்றிய முகம் எல்லோரையும் பார்ப்பதுபோல் இருந்தது. ஆனால் எவரையும் பார்க்கவில்லை. ஆதலால் அது வசிக்கும் வீட்டைத் தேடிச் சென்றனர். சுவிசேஷத்தில் வரும் சகேயுவின் கதை இதுவே. குள்ளமான அந்த மனிதர் கூட்டத்தில் ஒன்றும் தெரியாமையால், வேடிக்கை பார்ப்பதற்காகக் காட்டத்தி மரத்தின்மேல் ஏறினார். அந்நாளைக்கு அதுவே வசதியான பால்கனி. நடந்ததோ அவர் எண்ணாதது. கீழே சென்றவர் நின்று, அண்ணாந்து பார்த்து, பெயர் சொல்லி அழைத்து, இன்று உன் வீட்டில் தங்குவேன் என்று கூறிவிட்டார். பார்க்கப் போனவர் பார்க்கப்பட்டார். திரைக்கும் திருச்சபைக்கும் உள்ள வேறுபாடு அந்த மரத்தடியில் இருக்கிறது.

இனி ஒன்பதரை மணிக்கு வருவோம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கியது. எல்லைக்கு இப்பால் இருந்த தமிழர்கள், மூங்கிற் கழியில் ஆன்டெனாவைக் கட்டி, ஒருவர் மாடியில் நின்று திருப்ப, மற்றொருவர் கூடத்திலிருந்து கூவ, புள்ளி மழைக்கு நடுவே தமிழ் முகங்களைக் கண்டு களித்தனர். வெள்ளிக்கிழமை மாலை ‘ஒலியும் ஒளியும்’ நிகழ்ச்சி வீட்டு ஜெபக்கூட்டத்துக்குச் சற்று இடையூறு செய்தது. கூட்டத்தை முன்னதாக முடிக்க வேண்டுமென்று திடீரெனப் பலருக்கும் ஆவியில் ஏவுதல் உண்டாயிற்று. இவையெல்லாம் சிறு சோதனைகளே. பெருஞ்சோதனை 1987 ஜனவரி 25-ஆம் நாள் வந்தது. ராமானந்த் சாகரின் ‘ராமாயணம்’ அன்று தொடங்கி, 1988 ஜூலை 31 வரை, ஞாயிறுதோறும் காலை ஒன்பதரை மணிக்கு ஒளிபரப்பாயிற்று. பின்னர் 1988 அக்டோபர் 2-ஆம் நாள் ‘மகாபாரதம்’ தொடங்கி, 1990 ஜூன் வரை அதே ஞாயிற்றுக்கிழமைக் காலையைப் பிடித்துக்கொண்டது. ஏறத்தாழ மூன்றரை ஆண்டுக் காலம் ஆலய மணிக்கும் ஒன்பதரை மணிக்கும் போட்டி!

பேசியது இந்தி, பார்த்தவர் தமிழர், இருந்தது தெலுங்கு நாடு. ஆயினும் எவருக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. புரியாத மொழியைப் புரிந்த கதை தூக்கிச் சென்றது. கடைகள் அடைபட்டன, வீதிகள் வெறிச்சோடின. தொலைக்காட்சி உள்ள வீட்டில் ஊரே கூடியது. அதனை வெறுப்போடு நினைவுகூர நாம் விரும்பவில்லை. அண்டை வீட்டார் பாய் விரித்து நம் பிள்ளைகளுக்கும் இடம் கொடுத்தனர் என்பது உண்மை. மகாபாரதத்துக்கு வசனம் எழுதியவர் ராஹி மாசூம் ரஜா என்னும் முஸ்லிம் எழுத்தாளர் என்பதும் உண்மை. பின்னர் 1990-களில் நவோதயா அப்பச்சன் அவர்களின் ‘பைபிள் கீ கஹானியா’ தூரதர்ஷனில் வந்தபோது, நாம் பாய் விரித்தோம். அவர்கள் வந்து அமர்ந்தனர். இந்நாட்டில் கடன் தீர்ப்பதற்கு இவ்வகை வழிகள் உண்டு.

நடிகர்களின் பிற்கால வரலாறும் நகைச்சுவைக்கு உரியதே. சீதையாக நடித்த தீபிகாவும், ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியும் 1991-இல் ஒரே கட்சியின் சார்பில் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ராமராக நடித்த அருண் கோவில் 2024-இல்தான் மீரட் தொகுதியிலிருந்து அங்கே சென்றார். வால்மீகிக்குப் பதினான்கு ஆண்டு வனவாசம் போதுமாயிருந்தது. வாக்காளர்கள் முப்பத்துமூன்று ஆண்டு கேட்டுவிட்டனர்.

அக்காலத்தில் ஆலயத்தில் என்ன நடந்தது? சில இடங்களில் ஆராதனை முன்னதாகத் தொடங்கியது; சில இடங்களில் பிரசங்கம் சுருங்கியது. பிரசங்கம் சுருங்கியதற்காக வருந்தியவர் பிரசங்கியார் ஒருவரே என்று கேள்வி. ஆனால் ஒன்று மட்டும் தவறாமல் நடந்தது. எந்த விசுப்பலகையில் எவர் அமர்வார் என்பது ஐயரம்மாவுக்கு மனப்பாடம். மூன்றாம் பலகையில் ஓர் இடம் வெறுமையாக இருந்தால், மாலையில் அந்த அம்மையார் வீட்டு வாசலில் நிற்பார். ‘என்ன, உங்களைக் காணோமே?’ என்பார். தெலுங்கு அம்மையாராயின் ‘ஏமிட்டி, கனபடலேதே?’ என்பார். இரண்டு மொழியிலும் காண் என்னும் ஒரே வேரிலிருந்து முளைத்த வினா. அதில் குற்றச்சாட்டு பாதி, அன்பு பாதி. கேட்கப்பட்டவர் தலைவலி என்று ஏதோ சொல்வார். கேட்டவரும் நம்பியதுபோல் தலையசைப்பார். பின்பு இருவரும் காப்பி அருந்துவர். மறுவாரம் அந்த இடம் நிரம்பிவிடும்.

முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து நிலைமை தலைகீழாயிற்று. 2020 மார்ச்சில் கொள்ளைநோயின் காரணமாக ஆலயங்கள் மூடப்பட்டன. திருமலையிலும் யாத்திரிகர் தரிசனம் நிறுத்தப்பட்டது. மார்ச் 27-ஆம் நாள் மாலை ரோமாபுரியில் போப் பிரான்சிஸ், ஆளில்லாத பெருஞ்சதுக்கத்தில் மழையில் நின்று பிரார்த்தித்ததை உலகமே திரையில் கண்டது. மறுநாள் மார்ச் 28 அன்று, தூரதர்ஷன் பழைய ராமாயணத்தை மீண்டும் தொடங்கியது. ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறும், ஏப்ரல் 12 உயிர்த்தெழுந்த திருநாளும் வீட்டுக்குள்ளேயே கழிந்தன. அண்டை வீட்டார் தேவஸ்தானத்தின் பக்தி அலைவரிசையில் மலையைக் கண்டனர். நாம் கைப்பேசியில் ஆலயத்தைக் கண்டோம். ஒரு காலத்தில் ஆலயத்திலிருந்து மக்களை இழுத்த பெட்டிக்குள் ஆலயமே குடியேறிவிட்டது.

அந்நாளில் அது பேருதவி. அதனை மறப்பது நன்றிகெட்ட செயல். ஆனால் நோய் அகன்று கதவுகள் திறந்த பிறகும், சிலர் பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்டனர். வசதி பெரிது; நாம் மறுக்கவில்லை. தமிழ்ப் பிரசங்கம் வேண்டுமாயின் தமிழ். பிடிக்காவிட்டால் பொத்தானை அழுத்தினால் வேறொரு போதகர். நீண்ட ஜெபத்தை விரைவாக ஓட்டிவிடலாம். காணிக்கைத் தட்டு வரும் நேரத்தில் அடுக்களைக்குச் சென்று வரலாம். போதகர் ஐயா நேரில் வீட்டுக்கு வந்தாலும், இக்காலத்து மரியாதை ஒலியைத் தணிப்பதோடு நின்றுவிடுகிறது. ஒளியை எவரும் அணைப்பதில்லை. அவரும் ஜெபத்துக்கு நடுவே, மருமகள் தப்பித்தாளா என்று ஒரு கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2017-ஆம் ஆண்டு முதல் தமிழிலும் தெலுங்கிலும் ஒருசேர நம் வீடுகளுக்குள் வந்த ‘பிக் பாஸ்’ நிகழ்ச்சியை இவ்விடத்தில் குறிப்பிடாமல் இருக்க இயலாது. 1999-இல் ஒல்லாந்து நாட்டில் பிறந்த விளையாட்டு இது. அப்பா தெலுங்கும் அம்மா தமிழும் பார்க்க, பிள்ளைகள் இரண்டையும் பார்க்கின்றனர். சிலரை ஒரு வீட்டில் அடைத்து, ஏறத்தாழ நூறு நாள், எண்ணற்ற காமிராக்களால் இரவும் பகலும் கவனிக்கின்றனர். அங்கே ‘கன்ஃபெஷன் ரூம்’ என்று ஓர் அறை உண்டு. பெயர் நம்முடையதே, பழக்கம்தான் வேறு. ஆலயத்தில் அறிக்கை செய்பவர் தம் குற்றத்தைக் கூறுவார். இந்த அறையிலோ ஒவ்வொருவரும் அமர்ந்து அடுத்தவர் குற்றத்தைக் கூறி, அவரை வெளியேற்ற வேண்டுமென்று பெயர் கொடுக்கிறார். இத்தகைய பாவசங்கீர்த்தனத்தில் வெட்கம் இல்லை. கண்ணீர் மட்டும் உண்டு.

சிரிப்பு ஒருபுறம் இருக்க, இந்த விளையாட்டின் இலக்கணத்தைக் கவனியுங்கள். கண் எல்லோரையும் காண்கிறது, வாரந்தோறும் எண்ணுகிறது, எண்ணி ஒருவரை வெளியே அனுப்புகிறது. தமிழ் வீட்டில் அது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை இரவு நடைபெறுகிறது. அதே ஞாயிறு காலையில் நாம் கேட்டுவிட்டு வந்த கதையோ இதற்கு நேர்மாறானது. நூறு ஆடு உடைய மேய்ப்பர் ஒருவர், அந்தியில் எண்ணிப் பார்த்தார். தொண்ணூற்றொன்பது இருந்தன. வியாபாரக் கணக்கில் நூற்றுக்கு ஒன்று பொறுக்கத்தக்க நஷ்டம். அவருக்கோ பொறுக்கவில்லை. மற்றவற்றை விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிச் சென்றார். கண்டதும் தோள்மேல் போட்டுக்கொண்டு வந்தார். எண்ணுவது இரண்டு இடத்திலும் உண்டு. ஓர் இடத்தில் ஒருவரை விலக்குவதற்காக எண்ணுகின்றனர். மற்றோர் இடத்தில் ஒருவரை இழக்காமைக்காக எண்ணுகின்றனர்.

தொலைக்காட்சிக்காரரும் நம்மை எண்ணத்தான் செய்கின்றனர் என்று ஓர் அன்பர் வாதாடக்கூடும். உண்மைதான். இந்நாட்டில் பெட்டி உள்ள வீடுகள் 20 கோடிக்கும் மேல். அவற்றுள் 50,000-க்குச் சற்று மேற்பட்ட வீடுகளில் மாத்திரம் கருவி பொருத்தி, யார் எதைப் பார்க்கிறார் என்று கணக்கிடுகின்றனர். ஏறத்தாழ 4,000 வீட்டுக்கு ஒரு வீடு சாட்சி. அந்த ஒரு வீட்டில் கருவி வைக்கப்படாவிடின் நாம் ஆண்டு முழுதும் விழித்திருந்து பார்த்தாலும் ஒருவர் கணக்கிலும் வரமாட்டோம். நாம் பார்ப்பதை நிறுத்தினாலும் எந்த நிலையத்தாரும் மாலையில் வாசலில் வந்து ‘உங்களைக் காணோமே’ என்று கேட்கப்போவதில்லை. இது அவர்கள் குற்றமன்று. அதற்காக அவர்கள் ஏற்பட்டவர்களும் அல்லர்.

இதில் நகைச்சுவைக்கு அப்பாற்பட்ட பகுதி ஒன்று உண்டு. வேலைக்கு வந்த மகனோ மகளோ, ஊரில் தனித்திருந்த தாயாரைத் தம்மோடு அழைத்து வருகின்றனர். அந்த அம்மையாருக்குத் தெலுங்கு தெரியாது. காலையில் எல்லோரும் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் சென்றபின், அவரோடு தமிழில் பேசுவது பெட்டி ஒன்றே. தமிழ் ஜெபம், தமிழ்ப் பாட்டு, தமிழ்ச் சண்டை, தமிழ்க் கண்ணீர் எல்லாம் அதில் கிடைக்கின்றன. ஞாயிறன்றும், ‘முழங்கால் வலிக்கிறது; நான் இங்கேயே பார்த்துக்கொள்கிறேன்’ என்று கூறிவிடுகிறார். பிள்ளைகளுக்கும் அது சௌகரியமாகவே இருக்கிறது. அவர் ஆண்டவரைத் தவறவிட்டுவிட்டார் என்று நாம் சொல்லத் துணியோம். வீட்டின் மூலையில் ஜெபித்த அன்னாள்கள் எத்தனையோ பேர். ஆனால் அவரை எவரும் தவறவிட்டதாக உணரவில்லையே, அதுவன்றோ துயரம்! சொந்த ஊரில் அவர் ஒரு ஞாயிறு வராவிட்டால் மூன்று வீடுகளில் கேள்வி பிறந்திருக்கும். இங்கே மூன்று மாதம் வராவிட்டாலும் விசுப்பலகை பேசாமல் இருக்கிறது. அவரோ நாள் முழுதும் முகங்களைக் கண்டுகொண்டிருக்கிறார். அவரைக் காணும் முகம் மாலை ஏழு மணிக்குத்தான் வீடு திரும்புகிறது. அதுவும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே வருகிறது.

ஆதலால் பெட்டியை உடைக்கும்படி நாம் கூறவில்லை. தமிழ் எழுத்து அறியாத நம் பிள்ளைகளின் காதில் தமிழை விழச் செய்வதற்காக அதற்கு நன்றியும் கூறுகிறோம். நாம் கேட்பது எளிய காரியம். நம் சங்கத்தின் மாதக் கூட்டத்திலும், அவரவர் ஆலயத்திலும் கோயிலிலும், வந்தவரை எண்ணி மகிழ்வதோடு நில்லாமல், வராதவர் யார் என்று ஒருவர் எண்ணிப் பார்க்கட்டும். அவ்வேலைக்குத் தனிக் குழுவோ தலைவரோ வேண்டா. பெயர் மறவாத ஓர் அம்மையார் போதும். அன்று மாலையே சென்று கதவைத் தட்டட்டும். முழங்கால் வலிப்பவருக்கு ஆட்டோ ஒன்றை ஏற்பாடு செய்யட்டும். வர இயலாதவர் வீட்டில் அவரோடு அமர்ந்து, அவர் பார்க்கும் தொடரையே ஓர் அரைமணி நேரம் பார்க்கட்டும். மாமியார் நல்லவரா கெட்டவரா என்று அவரோடு வாதாடட்டும். அதுவும் ஓர் ஊழியமே. அதற்கு இறையியல் கல்லூரிப் பட்டம் தேவையில்லை.

கதவு தட்டும் ஓசை கேட்டதும், வீட்டிலுள்ளோர் ஒலியைத் தணித்தால் நாம் பாதி வென்றோம். ஒளியையும் அணைத்துவிட்டு, ‘வாருங்கள், உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்’ என்று காப்பி போட எழுந்தால் முழுதும் வென்றோம். விளம்பர இடைவேளையில் சென்று தட்டுவது புத்திசாலித்தனம் என்பதை மட்டும் அன்பர்கள் மறவாதிருக்க.